சேவலும் கப்பலும் செண்பகவல்லியின் சொல்லும்

கோவில்பட்டியில் ஒரு பிரிண்டர் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது ஓர் எருமை மாடு. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். மழை பெய்து கரிசல் மண் கன்னங்கரேலென்று கிடந்த ஒரு நாளில், அதன் நடுவே நின்ற கருப்பு எருமையை செண்பகவல்லி போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படத்தை அச்சடித்துப் பார்க்க வேண்டும். மண் வேறு, மாடு வேறு என்று தெரிந்தால் பிரிண்டர் பாஸ். தாள் முழுக்க ஒரே கருப்பாக இருந்து அதில் இரண்டு கண் மட்டும் முழித்தால் ஃபெயில். பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் தங்கள் மெஷின் கருப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். எருமைக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது.

செண்பகவல்லிக்கு வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷமாகத் தீப்பெட்டி ஆபீஸில், தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், சரக்கு பார்க்கிற வேலை. பண்டலுக்கு ஒரு பெட்டியை உருவி, அதிலுள்ள குச்சி அத்தனையையும் உரசிப் பார்ப்பாள். எத்தனை பற்றியது, எத்தனை முறிந்தது, எத்தனையில் மருந்து தெறித்தது என்று எண்ணுவாள். கணக்கு மீறினால் பண்டலே திரும்பிப் போகும். முதலாளியின் மச்சான் அனுப்பிய சரக்கையே ஒருமுறை திருப்பி அனுப்பியவள் அவள். முதலாளி கேட்டதற்கு, "அவிய உங்களுக்குத்தான் மச்சான், குச்சிக்கு இல்லல்லா?" என்றாளாம். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

இப்படிப்பட்டவள் மூன்று வருஷத்துக்கு முன்னால், கடைக்காரர் சொன்னார் என்று ஒரு பிரிண்டரை நம்பி வாங்கினாள். இரண்டு மாதம் சும்மா கிடந்ததில் மை காய்ந்து, மூக்கடைத்த பிள்ளை மாதிரி அது ஆகிவிட்டது. கடையில் போய்க் கேட்டால், "தினமும் ஒரு பக்கமாவது எடுக்கணும்மா" என்றார்கள். வீட்டில் தினமும் அச்சடிக்க அவள் என்ன பத்திரிகையா நடத்துகிறாள்? அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தக் கோபத்துக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். காலணா பெறாத குச்சியை உரசிப் பார்க்கிறோம், இம்புட்டுப் பெரிய மெஷினை உரசிப் பார்க்க ஓர் ஆள் இல்லையா என்று, 'உரசிப் பார்' என்ற பெயரில் யூடியூபில் ஒரு சேனலைத் தொடங்கிவிட்டாள். போனைப் பிடிக்கிற வேலை புருஷன் சண்முகராஜுக்கு. அதே ஆபீஸில் லோடு அனுப்புகிற வேலை பார்க்கும் சாது. அவர் முகம் ஒரு வீடியோவிலும் வந்ததில்லை. நடுவில் இருமுவது மட்டும் கேட்கும்.

இன்றைக்குப் பதினோராயிரம் பேர் அவளைப் பார்க்கிறார்கள். சாத்தூரிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும், பிரிண்டர் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் அவளுக்குப் போன் போடுகிறார்கள். அவளும் அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க பதில் சொல்வாள். "தெரியல" என்ற சொல் அவள் வாயில் வந்ததே கிடையாது. தன் சொல் பொய்த்ததில்லை என்பதில் அவளுக்குக் கழுத்து நிறைய நகை போட்ட பெருமை.

இந்த வருஷம் நான்கு பிரிண்டர்களைப் போட்டியில் இறக்கினாள். ஒன்று அவளே சேர்த்து வைத்த காசில் வாங்கியது. மற்ற மூன்றும் உறவிலும் ஆபீஸிலும் இரவல். கம்பெனிப் பெயரைக் கண்டால் கமெண்டில் சண்டை வரும் என்பதால், பெயர் இருந்த இடத்தில் எல்லாம் தீப்பெட்டி லேபிளை ஒட்டிவிட்டாள். சேவல், கப்பல், அணில், கிளி. கடைசி நாளில்தான் லேபிளை உரிப்பாள். நானும் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

சேவல்தான் அவள் சொந்த மெஷின். அதனால் அதன்மேல் அவளுக்குக் கண்டிப்பு அதிகம். தெருவில் சண்டை என்றால் தன் பிள்ளையை முதலில் இழுத்து இரண்டு வைக்கிற தாய் உண்டல்லவா, அந்த ரகம். ஓர வஞ்சனை என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது.

சோதனைகள் ஆடியிலேயே ஆரம்பித்தன. ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து, கரிசல் தூசி படியப் படிய நூறு பக்கம் ஓடவிட்டாள். கிளி எழுபதாவது பக்கத்தில் தாளை மென்று துப்பியது. முதல் பக்கம் வெளியே வர எத்தனை விநாடி என்று பார்த்தாள். சேவல் ஒன்பது, கப்பல் பதினேழு. பொடி எழுத்தில் பட்டா ஒன்றை எடுத்து, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தாள். அச்சடித்த தாளில் வியர்வைக் கையை வைத்துத் தேய்த்தாள். அணிலின் மை அவள் கையோடு வந்து, அன்றைக்குச் சோறு வரைக்கும் நீலம். போட்டோக்களைப் பாதி மூடி, மொட்டை மாடியில் வத்தலுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வெயிலில் காயவிட்டாள். நான்கில் ஒன்றில் அவள் முகமே வெளுத்து, இருபது வயசில் காணாமல் போனவள் மாதிரி ஆகிவிட்டாள்.

எல்லாவற்றிலும் பெரியது பிச்சையா சோதனை. பிச்சையா அண்ணாச்சி பக்கத்து வீட்டுக்காரர். பசுவந்தனை பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கண்டக்டர். இப்போது ஓய்வு, ஆனால் வாய்க்கு இல்லை. புதுப் பிரிண்டரை அவர் முன் வைத்து, "அண்ணாச்சி, இத உங்க போனோட சேத்து ஒரு பக்கம் எடுங்க" என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி நோட்டோடு உட்கார்ந்துவிடுவாள். வேலை முடிவதற்குள் அவர் எத்தனை வசவு வைகிறார் என்பதுதான் மதிப்பெண். கிளிக்கு முப்பத்தொன்று. அதில் ஏழு, கிளியைச் செய்தவனின் பாட்டன் வரைக்கும் போனவை. கப்பலுக்குப் பன்னிரண்டு. சேவலுக்கு வெறும் நான்கு, அதிலும் ஒன்று வைஃபையின் பாஸ்வேர்டை மறந்த தன்னையே வைதுகொண்டது. இந்த வீடியோவை மட்டும் முப்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பிச்சையாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் முதல் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்த ஆரம்பித்தார்.

கடைசிச் சோதனை ஓய்வு. நான்கையும் அணைத்து, இருபத்தொரு நாள் தொடாமல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை நேரலையில் எல்லார் முன்னிலும் இயக்க வேண்டும். எது மூக்கடைக்காமல் அச்சடிக்கிறதோ அதற்கே மகுடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையை நாகலாபுரத்தில் ஒருத்தி நாள் எண்ணிக் காத்திருந்தாள். அவள் பெயர் மாரிச்செல்வி. ஐப்பசி விதைப்பு தொடங்கிவிட்டால் பயிர்க் காப்பீட்டுக்கு ஊரே சிட்டா, அடங்கல் பிரதி எடுக்க அலையும். ஒரு தாளுக்காக விளாத்திகுளத்துக்கு பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் வேலை போகும். தன் வீட்டிலேயே பிரிண்டர் வைத்து எடுத்துக் கொடுத்தால் ஊருக்கும் நல்லது, தனக்கும் ஒரு வரும்படி என்று இரண்டு வருஷமாக யோசித்து, இந்த வருஷம்தான் துணிந்திருந்தாள். "யக்கா, நீங்க எதச் சொல்லுதீங்களோ அததான் வாங்குவேன். எங்க வீட்டுக்காரவிய ஞாயித்துக்கிழம கோவில்பட்டிக் கடை வாசல்லயே நிப்பாவ. நீங்க பேரச் சொன்னதும் உள்ள போயிருவாவ" என்று போனில் சொல்லியிருந்தாள்.

"வேற எவளையும் கேக்காத. நான் சொல்லுதேன்" என்றாள் செண்பகவல்லி.

நேரலை தொடங்கியது. கிளி இருமிவிட்டுச் செத்தது. அணில் நீலம் இல்லாமல் அச்சடித்தது. கப்பல் இரண்டு தடவை சுத்தம் செய்தபின் ஒழுங்காக வந்தது. பிறகு சேவலைத் தட்டினாள். ஒன்பதாவது விநாடியில் பக்கம் வந்து விழுந்தது. எழுத்து சுத்தம், எருமை எருமையாக நின்றது. ஆனால் தாளின் நடுவே, மூன்று விரல் இடைவெளிக்கு ஒன்றாகச் சிவப்புக் கறை. அடுத்த பக்கத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எண்ணூறு பேர். தன் சொந்த மெஷின் என்று இரக்கம் காட்டினதாக ஒருவர் நினைத்துவிட்டால்? யோசிக்க அவள் நேரமே எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்தீங்களா? சும்மா இருந்ததுல செவப்பு மை ஒழுகிப் போச்சு. ரத்தம் கக்குது! என் காசு போட்டு வாங்குனதுதான், அதுக்காக நான் மறைக்க மாட்டேன். சூடம் அணைச்சுச் சொல்லுதேன், சேவல் வேண்டாம். கப்பல வாங்குங்க" என்று லேபிளை உரித்துக் காட்டிவிட்டாள். போனைப் பிடித்திருந்த சண்முகராஜ் இரண்டு முறை இருமினார்.

ஐந்தே நிமிஷத்தில் மாரிச்செல்வியின் குரல் பதிவு வந்தது. "யக்கா, வாங்கியாச்சு! மையும் அங்கனயே ஊத்தி ஓட்டிப் பாத்துட்டாவளாம்!" பின்னால் ஒரு குழந்தை கைதட்டுவது கேட்டது. செண்பகவல்லி அதை நான்கு தடவை போட்டுக் கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, பிச்சையா கையில் ஒரு தாளோடு வந்தார். நேற்றைய சேவல் பக்கம். தன் பெயர் போட்ட மதிப்பெண் பட்டியல் அதில் இருந்ததால் சட்டம் போட எடுத்துப் போயிருந்தார்.

"ஏம்மா, இது ரத்தம் கக்குதுன்னு சொன்னியே, ரத்தத்துல ஜவ்வாது வாசம் வருதே?"

"மை வாசமா இருக்கும் அண்ணாச்சி."

"முப்பது வருஷம் பஸ்ஸுல கூட்டத்துக்குள்ள நின்னவன்ம்மா நான். எந்த வாசம் எதுன்னு எனக்குத் தெரியும். இது ஜவ்வாது கலந்த சந்தனம்."

செண்பகவல்லி தாளை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். எழுந்து போய்ச் சேவலின் மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாள். தாளை இழுக்கிற ரப்பர் உருளையின் நட்டநடுவில், கல்யாண மாப்பிள்ளை நெற்றியில் இருப்பது போல, நல்ல பெரிய சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

புதன்கிழமைதான் ஆயுத பூஜை வந்துபோயிருந்தது. மிக்ஸி, மோட்டார் பம்பு, பைக், கத்தரிக்கோல், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவள் புருஷன். பிரிண்டர்களின் மூடியில் வைத்ததை அவளும் பார்த்தாள், பஞ்சால் துடைத்தும் விட்டாள். ஆனால் இது?

"இங்கன வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சண்முகராஜ் பாதி ஷேவிங்கோடு ஓடிவந்தார். "இத யாரு வச்சா?"

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு நின்றார். "நாந்தாம்ட்டி."

"உள்ளுக்குள்ள என்னத்துக்கு வச்சீங்க?"

"மத்ததெல்லாம் இரவல்தான, அதுகளுக்கு நெத்தியோட நிறுத்திட்டேன். இது உன் மெஷின்லா. ஜெயிக்கட்டுமேன்னு நெஞ்சுல வச்சேன்."

பிச்சையா முதலில் சிரித்தார். அப்புறம் செண்பகவல்லிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள், நுரை தடவின அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். பிள்ளையாருக்கு வைத்த பொட்டே குரங்காகிப் போன கதையை இப்போதுதான் பார்க்கிறோம். உருளையை ஈரத் துணியால் துடைத்து, இருபது பக்கம் ஓடவிட்டாள். இருபதும் பால் மாதிரி வந்தன. ஒரு சுத்தமும் தேவைப்படவில்லை. இருபத்தொரு நாள் கழித்தும் மூக்கடைக்காத ஒரே மெஷின் சேவல்தான்.

அந்த இருபதாவது பக்கத்தைக் கையில் எடுத்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மாரிச்செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

"பேசாம இருட்டி. கப்பல் ஒண்ணும் மோசமில்லல்லா. நீயும் நானும் அண்ணாச்சியும் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார் சண்முகராஜ்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதீங்க. மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு நல்ல சட்டையப் போடுங்க. இன்னைக்கு அண்ணாச்சி போனப் பிடிப்பாவ."

அப்படித்தான் சண்முகராஜின் முகத்தைப் பதினோராயிரம் பேர் முதல்முறை பார்த்தார்கள். தீபாவளிச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "பொட்டு வச்சது நாந்தான். தப்பு அவ மேல இல்ல" என்றார். செண்பகவல்லி அவரை இடைமறித்தாள். "பொட்டு அவிய வச்சது. ஆனா ஒழுகுதான்னு தொறந்து பாக்காம வாய்விட்டது நான். ஒரு பெட்டியில குச்சி பத்தலன்னா, குச்சியா பெட்டியான்னு பாக்காம நான் எறிஞ்சதில்ல. நேத்து எறிஞ்சிட்டேன். சேவல்தான் முதல். நான் சொன்னது தப்பு." ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். சறுக்கின ஆனைக்குத்தான் அந்த வலி தெரியும்.

அதற்குப் பிறகு போன் அடங்கவில்லை. கழுகுமலையிலிருந்து ஒரு வாத்தியார், "எம்மா, எங்க வீட்டு மெஷினும் புதன்கிழமையில இருந்து செவப்பு விடுது, சர்வீசுக்குக் குடுக்க இருந்தேன்" என்றார். திறந்து பார்த்தால் பொட்டு. எட்டயபுரத்தில் ஒரு டெய்லர், ஸ்கேன் எடுக்கிற கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டுவிட்டு, எடுத்த ஆதார் கார்டெல்லாம் சாமியார் மாதிரி வருகிறது என்று புலம்பினார். இருட்டுவதற்குள் பத்தொன்பது வீடுகளின் பிரிண்டர்கள் பிழைத்துக்கொண்டன. பிச்சையா தன் போனிலும் ஆலோசனை சொல்ல ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டிலும் பொட்டு வைத்தவரை ஒரு வசவு வைதுவிட்டுத்தான் துடைக்கும் வழியைச் சொன்னார்.

இத்தனை கூத்துக்கு நடுவே ஒரே ஒரு கமெண்ட் அவளைக் குத்திவிட்டது. ஹரிகிருஷ்ணன் என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தான்: 'நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. இனிமே இந்தம்மா பேச்ச எவன் நம்புவான்?' அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய வேதனை.

மாரிச்செல்வியின் கப்பலை மாற்றித் தர முடியுமா என்று செண்பகவல்லி கடையில் கேட்டாள். மை ஊற்றினதை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சேவலைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செண்பகவல்லி பஸ் ஏறினாள். விளாத்திகுளத்தில் மாறி நாகலாபுரத்தில் இறங்கும்போது மழை தூறி, கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் இரண்டு காலாகக் கனத்தது.

மாரிச்செல்வி வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். உள்ளே கப்பல் பதினேழு விநாடிக்கு ஒரு பக்கமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. காட்டில் விதைக்கிற ஆளை வீட்டில் உட்காரவைத்தால் எப்படி முணுமுணுப்பாரோ அப்படி ஊர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"யக்கா! நீங்க என்ன இம்புட்டுத் தூரம்?" என்று ஓடிவந்தாள் மாரிச்செல்வி. வீடியோவை அவளும் பார்த்திருந்தாள். "இது நல்லாத்தான்க்கா ஓடுது. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான்."

"மெதுவா ஓடுதத நான் வச்சிக்கிடுதேன். எனக்கு ஊரு வரிசைல நிக்கல. நீ இத வை."

"ஐயோ, உங்க சொந்த மெஷின்லாக்கா?"

"அதனாலதான் எடுத்துக் குடுக்க முடியுது. இரவல எப்படிக் குடுக்க?"

சேவலை மாட்டினார்கள். ஒன்பது விநாடி. ஒன்பது விநாடி. ஒன்பது விநாடி. வரிசையில் நின்றவர்கள் தாளை வாங்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினார்கள். கால் மணி நேரத்தில் வாசல் காலி. மாரிச்செல்வி வாயெல்லாம் பல்லாக நின்றாள். செண்பகவல்லிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, தன் பிள்ளையை வேறு வீட்டில் விட்டுவிட்டு வருகிற மாதிரியும் இருந்தது. கப்பலை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப பஸ் ஏறினாள்.

எட்டயபுரம் தாண்டும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"அக்கா, வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கணும். பிள்ளைங்க பரீட்சப் பேப்பர், அப்பப்ப கலர்ல போட்டோ. மாசத்துல ரெண்டு தடவதான் எடுப்போம். சேவல் வாங்கவா? இல்ல, புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு கடையில சொல்லுதாவ, அத வாங்கவா?"

வழக்கம் போல அவள் வாய் திறந்துவிட்டது. சேவல் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் புது மெஷினை அவள் பார்த்ததே இல்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"தெரியலப்பா. அந்தப் புதுசு நான் இன்னும் ஓட்டிப் பாக்கல. பாத்தாத்தான் சொல்ல முடியும். ரெண்டு மாசம் ஆகும்."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"சரிக்கா. நான் காத்திருக்கேன். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறமே வாங்குதேன்."

"ரெண்டு மாசமாய்யா?"

"ஆமாக்கா." கொஞ்சம் தயங்கினான். "அக்கா, நேத்து உங்கள வஞ்சு எழுதுன ஹரிகிருஷ்ணன் நாந்தான்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. கப்பலின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவள் குலுங்கியதைப் பார்த்து, கண்டக்டர் பக்கத்தில் வந்து என்னம்மா, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, போனில், "உன் நம்பரச் சேத்து வச்சிக்கிடுதேன், நானே கூப்பிடுதேன்" என்றாள்.